ஸ்கிரிப்ட் மொழிகள்: பழையதும் புதியதும்

மாணவர்களே, செய்நிரல் மொழிகளைக் கற்கும்போது பேர்ள் 1987, பைதன் 1991, ஜாவாஸ்கிரிப்ட் 1995 எனப் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இம்மொழிகளில் அன்றாடம் வேலை செய்யும் செய்நிரலாளருக்கு அவற்றின் வேறுபாடு தெரியவருவது மிகச் சாதாரணமான இடங்களிலாகும்.

முதலில், ஸ்கிரிப்ட் மொழி என்பது யாது? பஸ்கால், சீ போன்ற மொழிகளில் எழுதிய செய்நிரலைத் தொகுப்பான் முழுவதுமாக மாற்றிய பின்னரே இயக்கலாம். ஸ்கிரிப்ட் மொழியில் அவ்வாறு தனியாகத் தொகுக்க வேண்டியதில்லை. எழுதியவுடன் இயக்கிப் பார்க்கலாம். நூறு கோப்புகளின் பெயரை மாற்றுதல் போன்ற வேலைகளுக்கு இவற்றை விரும்புவது இதனால்தான். எனினும் தொகுப்பான் முன்கூட்டியே பிடிக்கும் பல வழுக்கள் இங்கு செய்நிரல் ஓடும்போதே வெளிப்படும். சில வெளிப்படுவதேயில்லை.

ஓர் உதாரணம். பயனர் தட்டச்சு செய்த “5” செய்நிரலுக்கு எண்ணாக அன்றிச் சரமாகக் கிடைக்கிறது எனக் கொள்க. அதனுடன் 3 ஐக் கூட்டினால் பேர்ள் சரத்தை எண்ணாக்கி 8 எனத் தரும். ஜாவாஸ்கிரிப்ட் 3 ஐச் சரமாக்கி இரண்டையும் ஒட்டி 53 எனத் தரும். பைதன் இரண்டையும் செய்யாது. வழுச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது பிடிவாதமாகத் தோன்றும். ஆனால் ஒரு கடைப் பற்றுச்சீட்டில் 8 ரூபாவுக்குப் பதிலாக 53 ரூபா அச்சாவதிலும் பார்க்க நின்றுவிடுவது மேலல்லவா?

ஒரே மொழிக்குள்ளும் பழையது, புதியது உண்டு. பைதன் 3 2008 டிசெம்பரில் வெளிவந்தது. பைதன் 2 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிவுற்றது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளும் பலர் இரண்டையும் வைத்துக்கொண்டே வேலை செய்தனர். வருவிளைவைக் காட்டும் பிரின்ட் என்னும் கூற்றுக்குப் புதியதில் அடைப்புக்குறி கட்டாயம். பழைய வரியை அப்படியே கொடுத்தால் உடனே தொடரியல் வழு வரும், திருத்துவதும் இலகு.

வகுத்தல் அப்படியன்று. ஒரு மாணவி ஐந்து அலகுப் பரீட்சைகளில் பெற்ற மொத்தம் 374. சராசரியைக் கண்டு, கிட்டிய நிறைவெண்ணுக்கு மட்டந்தட்டி, 75 உம் அதற்கு மேலும் எனில் ‘ஏ’ வழங்கும் செய்நிரலொன்றை எடுப்போம். பைதன் 3 இல் 374 / 5 = 74.8, மட்டந்தட்டினால் 75. பைதன் 2 இலோ இரு நிறைவெண்களை வகுத்தால் தசமப் பகுதி கழிக்கப்பட்டு 74 மாத்திரமே கிடைக்கும். ஒரே கோப்பு, ஒரு கணினியில் ‘ஏ’, மற்றையதில் ‘பி’. வழுச் செய்தி எதுவும் இல்லை. இதுவே தருக்க வழு. மூவகை வழுக்களுள் கண்டுபிடிக்க மிகக் கடினமானதும் இதுவே. (பைதன் 3 இல் நிறைவெண் ஈவே வேண்டுமாயின் 374 // 5 என எழுதுக.)

தமிழில் வேலை செய்வோருக்கு இன்னுமொரு வேறுபாடு முக்கியம். “தமிழ்” என்னும் சரத்தின் நீளத்தைக் கேட்டால், யூ.ரி.எஃப்-8 முறையில் சேமித்த சாதாரண சரத்துக்குப் பைதன் 2 தரும் விடை 15. அது எண்ணுவது பைற்றுகளை. அங்கு ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைற்றுகள். பைதன் 3 த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என எண்ணி 5 என்கிறது. நாம் எண்ணும் எழுத்துகளோ மூன்று! பழைய செய்நிரலில் ஒரு பெயரின் முதல் 10 இடங்களை வெட்டியெடுத்தால் கடைசிக் குறி நடுவே அறுபட்டு, திரையில் கேள்விக்குறி தோன்றுவதும் இதனாலேயே.

பயிற்சி: “யாழ்ப்பாணம்” என்னும் சரத்தின் நீளத்தை மேற்கூறிய மூன்று வழிகளிலும் காண்க. (விடை: 33, 11, 6)