அப்பாக்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம்

மார்பகப் புற்றுநோயாளர் 100 பேரில் ஆண்கள் ஒருவருக்கும் குறைவே. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். முலைக்காம்பின் கீழ் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுபடுதல், இரத்தக் கசிவு ஆகியன முக்கிய அறிகுறிகள். வலியில்லையே என்று இருந்துவிடுவதாலும் வெட்கத்தாலும் பலர் காலந்தாழ்த்தியே வைத்தியரிடம் செல்கின்றனர்.

ஆண்களின் மார்பில் திசு குறைவு. ஆகவே சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் மார்பகம் முழுவதும் அகற்றப்படும். கட்டி சிறிதெனில் அதை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதும் உண்டு. முழுவதும் அகற்றிய பின்னரும், அக்குள் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம். வயதை மட்டும் பார்த்துச் சிகிச்சையை மறுக்கத் தேவையில்லை. இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நிலையே முக்கியம்.

சிலருக்கு இது பரம்பரையாகவும் வரலாம். எனவே மரபணுப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அதன் முடிவு மகள்மாருக்கும் மகன்மாருக்கும் பயன்படும்.