பஸ்கா விருந்தும் பரிவுப் பாடமும்: மொன்ட்ரியல் தரும் ஒரு படிப்பினை

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு சமூகத்தின் நினைவு, அச்சமூகத்தின் பிள்ளைகளுக்குப் பிறருடைய துன்பத்தையும் உணரக் கற்றுத் தருமா? அல்லது தங்களது துன்பத்தை மட்டுமே நினைவில் நிறுத்துமா? கனடாவின் மொன்ட்ரியல் நகரிலுள்ள யூதப் பகல்நேரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இக்கேள்வி எழுகிறது. அங்கு நடக்கும் பஸ்கா பண்டிகைப் பாடங்களே இதற்குக் காரணம்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர், மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறியதை நினைவுகூரும் பண்டிகை பஸ்கா. எபிரேய மொழியில் இது பெசாஹ் எனப்படுகிறது. இதன் முதல் இரவில் நடைபெறும் 'செடர்' எனும் சடங்கு விருந்து, முழுக்க முழுக்கக் குழந்தைகளை மனதில் வைத்து அமைக்கப்பட்ட ஒன்று. வீட்டிலுள்ள மிக இளைய பிள்ளை, இந்த இரவு ஏனைய இரவுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கான விடையாகவே 'ஹகாடா' என்ற நூலிலுள்ள விடுதலைக் கதையைப் பெரியவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள்.

நாவினால் கற்கும் பாடம்

இந்தக் கதை காதால் கேட்கப்படுவதோடு நின்றுவிடுவதில்லை, நாவினாலும் உணரப்படுகிறது. அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்கவில்லை என்பதை உணர்த்தப் புளிப்பில்லாத அப்பம் உண்ணப்படுகிறது. அடிமை வாழ்வின் கசப்பை உணர்த்தக் கசப்புக் கீரை உண்ணப்படுகிறது. கண்ணீருக்கு அடையாளமாக உப்புநீரும், அடிமைகள் பிசைந்த களிமண்ணுக்கு அடையாளமாக ஆப்பிளும் கொட்டைப் பருப்புகளும் சேர்த்து அரைத்த கலவையும் வைக்கப்படுகின்றன.

யூதப் பள்ளிகளில் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் 'மாதிரி செடர்' நடத்துவது வழக்கம். சிறு வகுப்பினர் தாங்களே படம் வரைந்து ஹகாடா நூல் தயாரிக்கிறார்கள். சற்று மூத்த மாணவர்களிடம், உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டுமென்றால் எதை எடுத்துச் செல்வாய் என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஏழைக் குடும்பங்களுக்குப் பண்டிகை உணவுப் பொதிகளைத் தயாரிக்கும் பணியிலும் மாணவர்கள் ஈடுபடுத்தப்படுகிறார்கள். பஸ்காவுக்கு முன் வறியவர்களுக்குக் கோதுமைக்கான பணம் திரட்டித் தருவது பழமையான யூத மரபாகும்.

இப்பாடத்தின் அடிப்படை, ஒவ்வொரு தலைமுறையினரும் எகிப்திலிருந்து தாமே வெளியேறியதாகக் கருத வேண்டும் என்று மிஷ்னா நூல் விதிக்கும் கடமை. இன்னொருவருடைய அனுபவத்தைத் தன் அனுபவமாகக் கற்பனை செய்வதே பரிவுணர்வின் முதற்படி என்பதால், கல்வியாளர்கள் இந்த விதிக்கு முக்கியத்துவம் அளிக்கிறார்கள்.

எதிரியின் துயரமும்

ஆனால் முன்னோரின் துயரத்தைக் கற்பனை செய்வது ஒன்று, அந்நியரின் துயரத்தைக் கற்பனை செய்வது வேறொன்று. யூத மரபு இந்த இரண்டாவது படியையும் வலியுறுத்துகிறது. நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்ற கட்டளை தோராவில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. இது முப்பத்தாறு இடங்களில் வருவதாக தால்முத் நூலில் ஒரு கருத்து உண்டு.

எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சை ரசம் கிண்ணத்திலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. எதிரிகளும் துன்புற்றதால் நமது மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது இதற்குப் பரவலாகக் கூறப்படும் விளக்கம். எகிப்தியர் கடலில் மூழ்கியபோது பாட முனைந்த தேவதூதர்களை, என் படைப்புகள் மூழ்கும்போது பாடுவதா என்று இறைவன் தடுத்ததாகவும் தால்முத் கூறுகிறது.

இதற்கு மாறான ஒரு போக்கும் உண்டு. பல வகுப்பறைகளில் வாதைகள் பொம்மைத் தவளைகளுடன் விளையாட்டாகவே கற்பிக்கப்படுகின்றன. எகிப்தியத் தாய்மார்கள் தலைப்பிள்ளைகளை இழந்த பகுதியைச் சிறுவர்களிடம் எந்த வயதில், எவ்வாறு பேசுவது என்பது ஆசிரியர்களுக்குக் கடினமான கேள்வி.

பண்டிகை நாளில் எரிந்த நூலகம்

மொன்ட்ரியலில் இக்கேள்வி வெறும் தத்துவமாக இருந்ததில்லை. கியூபெக்கின் பள்ளி அமைப்பு நெடுங்காலம் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று யூதப் பிள்ளைகளைக் கல்வி விஷயத்தில் புராட்டஸ்டன்ட்டுகளாகக் கருதியது. 1913ஆம் ஆண்டில் அபர்டீன் பள்ளியில், யூத மாணவர்களைப் பற்றி ஆசிரியை ஒருவர் இழிவாகப் பேசியதை எதிர்த்து நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே காலப்பகுதியில் யூத சமூகம் தனது சொந்தப் பள்ளிகளை விரிவுபடுத்தியது.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, பஸ்காவின் முதல் இரவு தொடங்கச் சில மணிநேரமே இருந்த அதிகாலையில், சான் லோரான் பகுதியிலிருந்த யுனைட்டட் தால்முத் தோரா பள்ளியின் நூலகம் தீக்குண்டு வீசி எரிக்கப்பட்டது. பாலஸ்தீனர்கள் மீதான இஸ்ரேலின் நடவடிக்கைகளுக்கு இது பதிலடி என்று கூறும் குறிப்பு ஒன்றும் அங்கு காணப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட இளைஞர் ஒருவருக்குப் பின்னர் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொலைவில் நடக்கும் ஒரு மோதலுக்காக மொன்ட்ரியல் குழந்தைகளின் புத்தகங்கள் எரிக்கப்பட்டது நாடு முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது.

இதன் பின்னர், யூதப் பள்ளிகளுக்கான அரச மானியத்தை முழுமையாக்க கியூபெக் அரசு முன்வந்தது. யூத மாணவர்களுக்கும் ஏனைய மாணவர்களுக்கும் இடையே தொடர்பை வளர்ப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் பலத்த எதிர்ப்பு எழுந்ததால், 2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

காசாப் போர் மூண்ட பின்னர், 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நகரின் இரண்டு யூதப் பள்ளிகள் மீது இரவு நேரத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. யாரும் காயமடையவில்லை. என்றாலும், பள்ளிக் கதவில் குண்டுத் துளைகள் இருக்கும்போது அந்நியரின் துயரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிதல்ல. காசாவில் குழந்தைகள் கொல்லப்படும் செய்திகள் வந்துகொண்டிருக்கும்போது அப்பாடத்தைத் தவிர்ப்பதும் எளிதல்ல.

மெட்ரோவின் மறுமுனை

மொன்ட்ரியல் மெட்ரோ ரயிலின் நீலப் பாதை, யூதர்கள் நெடுங்காலமாக வாழும் ஸ்னோடன் பகுதியில் தொடங்குகிறது. ஹசிதிய யூதர்கள் வாழும் ஊட்ரமோன் வழியாகவும், தமிழர்களும் ஏனைய தெற்காசியர்களும் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் அருகாகவும் சென்று, தற்போதைக்கு செயின்ட்-மிஷேல் நிலையத்தில் முடிகிறது. 1968ஆம் ஆண்டில் மொன்ட்ரியலுடன் இணைக்கப்பட்ட செயின்ட்-மிஷேல், ஒரு காலத்தில் கல் குவாரிகளுக்குப் பெயர்பெற்ற தொழிலாளர் பகுதி. டுவாலியர் சர்வாதிகாரத்திலிருந்து தப்பி வந்த ஹெய்ட்டி மக்கள் பலர் இங்கு குடியேறினார்கள்.

செயின்ட்-மிஷேலின் ஹெய்ட்டிக் குடும்பங்களுக்கும் விடுதலையை நினைவூட்டும் ஓர் உணவு உண்டு. ஜனவரி முதல் நாளன்று அவர்கள் 'சூப் ஜூமூ' எனும் பூசணி சூப் அருந்துகிறார்கள். பிரெஞ்சு எஜமானர்களுக்காக அடிமைகள் சமைத்த, ஆனால் அடிமைகளுக்கு மறுக்கப்பட்ட இந்த சூப், 1804இல் ஹெய்ட்டி சுதந்திரம் அடைந்ததன் அடையாளமானது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதைக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஈழத்தமிழர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. 2009ஆம் ஆண்டு இறுதிப் போரின்போது அரிசியும் நீரும் உப்பும் மட்டுமே உணவாக இருந்ததை நினைவூட்ட, ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படுகிறது. புலம்பெயர் நாடுகளில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும், தாங்கள் காணாத ஒரு துயரத்தை அந்தக் கஞ்சியின் வழியாகவே அறிகிறார்கள்.

அடைக்கலம் தேடிய வரலாற்றிலும் ஒற்றுமை உண்டு. 1939ஆம் ஆண்டில் செயின்ட் லூயி கப்பலில் வந்த 900க்கும் அதிகமான யூத அகதிகளை ஏற்க கனடா மறுத்தது. அவர்களில் 254 பேர் பின்னர் நாஜிப் படுகொலைக் காலத்தில் உயிரிழந்தனர். 2018ஆம் ஆண்டில்தான் கனடா இதற்கு மன்னிப்புக் கோரியது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் மீட்டபோது, கனடா அவர்களை ஏற்றுக்கொண்டது.

நினைவு எங்கு கொண்டு செல்கிறது?

துயர நினைவு தானாகவே பரிவாக மாறிவிடுவதில்லை. பரிவுணர்வு இயல்பாகவே தன்னைப் போன்றவர்கள் பக்கமே சாய்கிறது என்பதை உளவியலாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளார்கள். கனடிய உளவியலாளர் பால் புளூம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இக்காரணத்தால் பரிவுணர்வை அறநெறிக்கு வழிகாட்டியாகக் கொள்ள முடியாது என்றே வாதிட்டார்.

இந்தச் சாய்வைத் திருத்தும் முயற்சி செடர் விருந்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பசித்தவர் யாவரும் வந்து உண்ணலாம் என்ற அழைப்புடனேயே கதை தொடங்குகிறது. அது எபிரேயத்தில் இல்லாமல், அக்காலச் சாமானிய மக்கள் பேசிய அரமேய மொழியில் இருப்பது கவனத்துக்குரியது. மொரோக்கோவிலிருந்து வந்து மொன்ட்ரியலில் குடியேறிய யூதர்களிடையே, பஸ்கா முடியும் இரவில் 'மிமூனா' விழா நடக்கிறது. மொரோக்கோவில் வாழ்ந்த காலத்தில், பண்டிகையின்போது வீட்டில் மாவு வைத்திருக்காத யூதர்களுக்கு அன்றிரவு முஸ்லிம் அண்டை வீட்டாரே மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒரு பள்ளியால் போர்களை நிறுத்த முடியாது. ஆனால் தனது கசப்புக் கீரையைச் சுவைக்கும் பிள்ளைக்கு, அதே ரயில் பாதையின் மறுமுனையில் பூசணி சூப் அருந்தும் பிள்ளையைப் பற்றியும், இடையில் கஞ்சி குடிக்கும் பிள்ளையைப் பற்றியும் சொல்லித்தர அதனால் முடியும். நினைவைப் பாதுகாக்கும் எந்தச் சமூகத்தின் பள்ளிக்கும், தமிழ்ப் பள்ளிகள் உட்பட, இது பொருந்தும்.