மேலே வளரும் வேர்!

மரம் என்றால் வேர் கீழே போகும். ஆனால் சேற்றைக் கிழித்துக்கொண்டு வேர் மேலே வரும் மரமும் ஒன்று உண்டு!

அதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டுக்குப் போனால் போதும். ஏரிக்கரைச் சேற்றில் அது வளருகிறது. பெயர் வெண்கண்டல். அலையாத்தி என்றும் சொல்வார்கள்.

மூச்சு விடும் வேர்

சேற்றுக்குள் காற்று குறைவு. காற்று இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். அதனால் இந்த மரம் பென்சில் போன்ற வேர்களை மேலே அனுப்புகிறது. தண்ணீர் வடியும்போது, அவை மூச்சு விடுகின்றன.

உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது? உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும்!

இதன் விதை, மரத்தில் தொங்கும்போதே காய்க்குள் முளைத்துவிடும். பிறகு தண்ணீரில் விழுந்து மிதக்கும். சேறு கிடைத்த இடத்தில் வேர் ஊன்றும்.

இறால் தொட்டில்

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். இந்த வேர்களுக்கு இடையே ஒளிந்து வளரும். உதிர்ந்த இலை மக்கி இரையாகும். மரம் குறைந்தால், மீனவர் வலையும் இளைத்துவிடும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில், இத்தகைய மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் 2005-ம் ஆண்டில் எழுதினார்கள்.

என்ன ஆபத்து?

பிச்சாவரத்தில் இது பெருங்காடு. பழவேற்காட்டிலோ திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. ஆடு மாடு கடித்தால் கன்று தழைக்காது. விறகுக்கு வெட்டினால் மரமே போய்விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், கடல் தண்ணீர் ஏறி இறங்குவது நின்றுவிடும். தேங்கிய தண்ணீரில் வேர் மூழ்கியே கிடந்தால், மரம் மூச்சு முட்டிச் சாகும்!

கடலோரங்களில் இந்த மரங்களை வளர்க்க, 2023-ம் ஆண்டு மத்திய அரசு 'மிஷ்டி' என்ற திட்டத்தை அறிவித்தது. நட்டால் மட்டும் போதாது. காக்கவும் வேண்டும்.

எந்த நாளில் யார் வலை போடுவது என்று, 'பாடு' வைத்து முறை பிரித்துக்கொள்ளும் ஏரி இது. தண்ணீரையே பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, மரத்தைக் காக்க முறை வைப்பதா கடினம்?