முகாம் வாசலில் நின்ற மணி

விம்கோ நகர் என்றால் இன்று பலருக்கு மெட்ரோ ரயில்தான் நினைவுக்கு வரும். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து இந்த இடம் வரையில் மெட்ரோ ஓடத் தொடங்கிற்று. அதற்கு வெகு காலம் முன்னமே, வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலை இவ்வூருக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். இப்படி மூன்று பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு வாழும் ஜனங்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நாம் எழுத உட்கார்ந்தது மழையைப் பற்றியல்ல, நாயைப் பற்றி. மனிதனுக்கும் அவன் வளர்க்கும் நாய்க்கும் உள்ள பந்தம் எவ்வளவு கெட்டியானது என்பது வெயில் நாட்களில் தெரிவதில்லை. வெள்ளம் வந்தால் தெரிகிறது.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்றுகொண்டு பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் அது ஆந்திர தேசத்தில் கரை ஏறிப் போய்விட்டது; அது விட்டுப் போன தண்ணீர் மட்டும் போகவில்லை. எண்ணூர்ப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டு, தான் எவ்வளவு உயரம் வந்தோம் என்று அது கணக்கு எழுதிவிட்டுச் சென்றது.

அந்த நாட்களில் நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடமும் முகாம் ஆயிற்று. பெஞ்சுகளை ஒரு பக்கமாக அடுக்கி, பாய் விரித்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளும் பொறுப்பு நமக்கு. சாயங்காலம் ஒரு கிழவி வந்தாள். எழுபது வயதிருக்கும். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை. கையில் பழைய புடவைக் கிழிசல். அதன் மறு நுனியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். உடம்பெல்லாம் நனைந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றது.

“நாய்க்கு இங்கே இடமில்லை, பாட்டியம்மா. அதை வெளியே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்” என்றோம்.

“வுட்டுட்டு வர்றதுக்கா வாத்தியாரே, இடுப்பளவு தண்ணியில இத்தத் தூக்கினு வந்தேன்?” என்றாள் கிழவி.

நமக்கு மேலிடத்து உத்தரவு இருந்தது. உத்தரவு இருக்கும்போது மனிதனுக்கு யோசனை என்கிற சிரமம் குறைகிறது. கிழவி வாதாடவில்லை. எதிரே பூட்டிக் கிடந்த மளிகைக் கடையின் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பையனிடம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்பினோம். அவன் போன வேகத்தில் திரும்பி வந்து, “இன்னொன்று வேணுமாம், சார். மணிக்குத் தனியா” என்றான். அப்போதுதான் நாயின் பெயர் மணி என்று தெரிந்தது. நமது நோட்டில் கிழவியின் பெயரும் இல்லை, மணியின் பெயரும் இல்லை.

இரவு சாரல் பலமாக அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தோம். ஒரே முந்தானைக்குள் இரண்டு தலைகள். நமக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுந்துபோய்க் கூப்பிடவும் இல்லை. விடிந்தபோது கிழவிக்கு ஜுரம். உடனே சைக்கிள் கொட்டகையைத் திறந்துவிட்டோம். பெரிய தர்மம் செய்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். முதல் நாள் சாயங்காலமும் அந்தக் கொட்டகை காலியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். நாய்க்கு இடம் உண்டு என்ற செய்தி எப்படியோ பரவிற்று. அதுவரை மொட்டை மாடிகளை விட்டு இறங்க மறுத்த நாலு குடும்பத்து ஆண்கள் நாய்களோடு வந்து சேர்ந்தார்கள். “வீட்டைக் காவல் காக்கிறார்” என்று அவர்கள் மனைவிமார் நம்மிடம் சொல்லியிருந்தார்கள். எதைக் காத்தார்கள் என்று இப்போது விளங்கிற்று.

உடனே சண்டையும் வந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, “என் பிள்ளையைக் கடித்தால் யார் பதில்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பாஸ்டியர் 1885-இல் தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்றாலும், வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் இன்றைக்கும் பிழைப்பது மிக மிக அபூர்வம். ஊசி போட்டதற்குச் சீட்டு இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தோம். ஐந்து நாய்களில் ஒன்றுக்குத்தான் இருந்தது. மணிக்கு இல்லை. எல்லாவற்றையும் தனித்தனியே கட்டச் செய்து, குழந்தைகள் அந்தப் பக்கம் போகாதபடி பெஞ்சுகளைக் குறுக்கே போட்டோம்.

நாய் மனிதனை விட்டுப் பிரியாத கதை நம் தேசத்தில் புதிதல்ல. திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தைக்காகப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அந்தக் காலத்து எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ சிற்றரசர்களின் பெயர் மறைந்து போயிற்று. கோவிவன் பெயர் இருக்கிறது!

மனிதன் நாயை விட்டுப் பிரியாத கதைதான் கணக்கில் ஏறுவதில்லை. அமெரிக்காவில் அது ஏறியது, மிகுந்த விலை கொடுத்த பிறகு. 2005 ஆகஸ்டில் காத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் முழுகியபோது, மீட்பு வண்டிகளில் பிராணிகளை ஏற்ற மறுத்தார்கள். பஸ் ஏறப்போன ஒரு சிறுவனிடமிருந்து அவனுடைய வெள்ளை நாய்க்குட்டியைப் பிடுங்கிய சம்பவம் பத்திரிகைகளில் வந்து தேசத்தையே கலக்கிற்று. வீட்டை விட்டு வெளியேறாமல் தங்கிவிட்டவர்களை அடுத்த வருஷம் விசாரித்தபோது, நூற்றுக்கு 44 பேர் தங்கள் பிராணிகளை விட்டு வர மனமில்லாததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2006 அக்டோபரில் சட்டம் பிறந்தது: பேரிடர்த் திட்டம் வகுக்கும்போது வளர்ப்புப் பிராணி உள்ள குடும்பங்களையும் கருதியே வகுக்க வேண்டும் என்று. நாயிடம் இரக்கப்பட்டு மட்டும் செய்ததல்ல இது. நாயை ஏற்றாத படகில் மனிதனும் ஏறுவதில்லை என்று கண்டுகொண்டதனால் செய்தது.

நமது பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஆம் வருஷத்தது. முகாமில் இருப்பவர்களின் தங்குமிடம், உணவு, குடிநீர், வைத்திய வசதி, சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச நெறிகள் வகுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கிழவியின் புடவைக் கிழிசலின் மறு நுனியைப் பற்றி அந்த இடத்தில் பேச்சில்லை. செலவு ஒன்றும் பிரமாதமில்லை. ஒவ்வொரு முகாமிலும் ஒரு தனிக் கொட்டகை, நாலு முழக் கயிறு, ஊசி போட ஒரு கால்நடை வைத்தியர், இவ்வளவுதான். வளர்ப்போருக்கும் கடமை உண்டு. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம் என்கிறது. சிலர் அதை அபராதத்துக்குப் பயந்து செய்கிறார்கள். பலர் செய்வதே இல்லை. கைக்குழந்தைக்காரிக்கு நாம் காட்டக்கூடிய பதில் அந்தச் சீட்டு ஒன்றுதான்.

போன மழைக் காலத்துக்கு முன்னால் கிழவி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மணிக்கு முகவாயில் நரை கண்டிருந்தது. ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். தடுப்பூசி போட்ட சீட்டு.

“இந்த வருசம் கொட்டாயி உண்டா, வாத்தியாரே?” என்று கேட்டாள்.

கொட்டகைச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, அன்றே நம் மேஜை இழுப்பில் போட்டு வைத்தோம்.