அசுவினியை வெல்லும் நாள்கணக்கு



மார்கழியிலும் தையிலும் அவரைக்கொடி பூத்துக் குலுங்கும் நேரத்தில் அதன் நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில கொடிகளில் இளந்தண்டின் பச்சையே தெரியாது. கறுப்பாக ஏதோ அப்பிக் கிடக்கும். பூங்காம்பிலும் பிஞ்சிலும் அதே கறுப்பு. தொட்டால் விரல் பிசுபிசுக்கும். எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். விட்டுவிட்டால் நுனி சுருண்டு, பூ உதிர்ந்து, பிஞ்சு வளராமல் நின்றுவிடும்.

"செடியில் பேன் விழுந்துடுச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வேளாண்மைத் துறையில் இதற்கு அசுவினி என்று பெயர். அவரையிலும் தட்டப்பயறிலும் வருவது கறுப்பு அசுவினி. வெண்டை, கத்தரி, மிளகாய் இலைகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும் கலந்த இன்னொரு வகை. இரண்டுமே 2 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

மாடித்தோட்டம் வைத்திருக்கும் பலர் இதற்கு ஒருமுறை மருந்து தெளிப்பார்கள். மறுநாள் செடி சுத்தமாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளில் பழைய கறுப்பு திரும்ப வந்துவிடும். "இந்த மருந்து சரியில்லை" என்று அதைவிடக் கடுமையான ஒன்றைத் தேடுவார்கள். குறை மருந்தில் இல்லை, நாள்கணக்கில் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஊசி வாயும் இனிப்புச் சாறும்

அசுவினி இலையைக் கடித்துத் தின்பதில்லை. அதன் வாய், மயிரிழையை விட மெல்லிய ஊசி. இலையில் தயாராகும் சர்க்கரைச் சாற்றைச் செடி தன் மற்ற பாகங்களுக்கு அனுப்ப மெல்லிய குழாய்களை வைத்திருக்கிறது. அசுவினி அந்தக் குழாயைத் தேடிப்பிடித்து ஊசியைச் செருகிவிடும். குழாய்க்குள் சாறு நல்ல அழுத்தத்தில் இருப்பதால் பெரிதாக உறிஞ்சக்கூட வேண்டாம், தானாக உள்ளே ஏறும்.

இதை விஞ்ஞானிகள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள். 1953-இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர், சாறு குடித்துக்கொண்டிருந்த அசுவினியின் உடலை வெட்டி எடுத்துவிட்டு ஊசியை மட்டும் செடியிலேயே விட்டார்கள். அந்த ஊசியின் முனையிலிருந்து சாறு கசிந்துகொண்டே இருந்தது! செடியின் சாற்றைக் கலப்படமில்லாமல் சேகரிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு நல்ல வழி கிடைத்தது.

அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், உடல் வளரத் தேவையான புரதச் சத்து மிகக் குறைவு. அதனால் அசுவினி நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரையைப் பின்பக்கமாகத் துளித்துளியாக வெளியேற்றிவிடும். உங்கள் விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு அதுதான். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. எறும்பு தன் உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தடவும், அசுவினி ஒரு துளி கொடுக்கும். அதற்குக் கைம்மாறாக, அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை எறும்பு விரட்டிவிடும். கீழ் இலைகளில் சொட்டிய இனிப்பில் கறுப்புப் பூசணம் படர்ந்து வெயிலை மறைக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு செடியில் குத்திய ஊசியை அடுத்த செடியில் குத்தும்போது நோய்க்கிருமியும் கூடவே போய்விடும். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் மணமான மலைவாழையைப் பெருமளவில் அழித்தது முடிக்கொத்து நோய். அந்த நோயின் வைரஸை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது வாழை அசுவினி.

ஆணும் இல்லை, முட்டையும் இல்லை

1740-ஆம் ஆண்டு, இன்று சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள ஜெனீவா நகரம். சார்லஸ் போனே என்ற 20 வயது இளைஞர், அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியை எடுத்து ஒரு சின்னக் கிளையில் விட்டு, கண்ணாடி ஜாடியால் மூடிவைத்தார். வேறு எந்த அசுவினியும் அதை நெருங்க முடியாது. காலையிலிருந்து இரவு வரை பூதக்கண்ணாடியும் கையுமாக அதைக் கவனித்து, நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். தன்னந்தனியாக வளர்ந்த அந்த அசுவினி 95 குட்டிகளைப் போட்டது!

ஆண் துணையே இல்லாமல் ஒரு பூச்சி குட்டி போடும் என்பதை இப்படி ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியபோது ஐரோப்பிய அறிஞர்கள் வியந்துபோனார்கள். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தில் மட்டும் ஆண் அசுவினிகள் தோன்றும், பெண்கள் முட்டையிடும். நம் ஊரைப் போன்ற வெப்பமான இடங்களில் அந்தத் தேவையே வருவதில்லை. அவரைக்கொடியில் நீங்கள் பார்க்கும் கறுப்பு அசுவினிகள் எல்லாமே பெண்கள். முட்டையிட்டு, அது பொரியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே உயிருள்ள குட்டிதான்.

இன்னொரு வியப்பு: பிறக்கப்போகும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கருவும் வளரத் தொடங்கியிருக்கும். ஓர் அசுவினியின் உடலில் மகளும் பேத்தியும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். அதனால்தான் பிறந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடுகிறது. பிறகு நாள்தோறும் சில குட்டிகள். கூட்டம் பெருத்து இடம் போதாமல் போனால், இறக்கையுள்ள அசுவினிகள் உருவாகிக் காற்றோடு அடுத்த செடிக்குப் பறந்துவிடும்.

இப்போது கணக்கைப் போடுவோம்

ஒரு செடியில் 1000 அசுவினிகள் என்று வைத்துக்கொள்வோம். நம் தெளிப்பு நூற்றுக்குத் தொண்ணூறைக் கொல்கிறது. மீதி, சுருண்ட இலைக்குள்ளும் இலையின் அடியிலும் தப்பிவிடுகிறது. 3 நாளுக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிப்பாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இதமான பருவநிலையில் அது நடக்கக்கூடியதே.

முதல் நாள் ஒருமுறை மட்டும் தெளித்தால் மிச்சம் 100. அது 4-ஆம் நாள் 200, 7-ஆம் நாள் 400, 10-ஆம் நாள் 800, 13-ஆம் நாள் 1600. தொடங்கியதைவிட அதிகம்!

அதே மருந்தை 3 நாளுக்கு ஒருமுறை தெளித்தால்:

முதல் நாள் 1000, தெளித்தபின் 100.
4-ஆம் நாள் 200, தெளித்தபின் 20.
7-ஆம் நாள் 40, தெளித்தபின் 4.
10-ஆம் நாள் 8, தெளித்தபின் ஒன்றோ பூஜ்யமோ.

சரி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொல்லும் கடுமையான மருந்தை ஒரே ஒருமுறை தெளித்தால்? மிச்சம் 10. அதுவும் 22-ஆம் நாள் 1280 ஆகிவிடும். கடுமையான மருந்து தந்த லாபம் பத்து நாள்கூட இல்லை. எளிய மருந்தை விடாமல் நான்கு முறை தெளித்தவருக்கே வெற்றி.

சோப்பும் வேம்பும் என்ன செய்கின்றன?

நம் எளிய மருந்து சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும்தான். பூச்சியின் தோலின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டோடிவிடும். சோப்பு கலந்த தண்ணீர் பரவி ஒட்டும். மெழுகைக் குலைத்து, உடல் செல்களின் சவ்வையும் சிதைக்கும். உடலிலுள்ள ஈரம் வெளியேறி அசுவினி இறந்துவிடும். ஆனால் மேலே பட்டால்தான் இத்தனையும் நடக்கும். காய்ந்துவிட்டால் சோப்புக்கு வேலையில்லை. நாளை பிறக்கும் குட்டியை இன்று தெளித்த சோப்பு ஒன்றும் செய்யாது.

வேம்பு வேறு வழியில் வேலை செய்கிறது. 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்திறங்கிக் கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் தின்றது. வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியல் அறிஞர் கவனித்தார். பூச்சிகளைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருளை ஆராய்ச்சியாளர்கள் 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007-இல்தான் முடிந்தது. நம் வாசல் வேப்பமரம் கோடைதோறும் அதைச் சும்மா காய்த்துத் தள்ளுகிறது!

அசுவினி பெரிதாவதற்கு நான்கு முறை தோலுரிக்க வேண்டும். இலையில் வெள்ளைத் தூசி மாதிரி கிடப்பவை அந்த உரிந்த தோல்கள். அசாடிராக்டின் இந்தத் தோலுரிப்பைக் குலைக்கிறது, சாறு குடிக்கும் ஆசையையும் குறைக்கிறது. எனவே வேப்பெண்ணெய் தெளித்த மறுநாளும் அசுவினி உயிரோடு இருந்தால் மனம் தளராதீர்கள். வெயில் பட்டால் சில நாளில் வேம்பின் வீரியம் போய்விடும். திரும்பத் தெளிக்க அதுவும் ஒரு காரணம்.

தெளிக்கும் முறை

முதலில் வெறும் தண்ணீர். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடியுங்கள், இளந்தண்டு ஒடியாத அளவுக்கு. கீழே விழும் இறக்கையில்லாத அசுவினிகளில் பல திரும்பி ஏறுவதில்லை. பெருமழைக்குப் பிறகு அசுவினி குறைவதும் இதனால்தான். மிக மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரில் காதி சோப்பைத் துருவி 5 கிராம் கரைத்தால் போதும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும். வேப்பெண்ணெயும் சேர்ப்பதானால் 5 மில்லி எண்ணெயைச் சோப்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். எண்ணெய் மேலே மிதக்கும் என்பதால் தெளிப்பானை அடிக்கடி குலுக்க வேண்டும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். வேப்பெண்ணெய்ப் புட்டியைத் தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காயைச் சமைக்குமுன் நன்றாக அலசச் சொல்லுங்கள்.

புதிய கரைசலை முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பொறுங்கள். இலை வாடாவிட்டால் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். நேரம், வெயில் தாழ்ந்த மாலை. உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும், காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீ மேல் படும். ஒவ்வோர் இலையையும் திருப்பி அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். நுனித் தண்டைப் போலவே அங்கும் அசுவினி குடியிருக்கும்.

எறும்பையும் தடுக்க வேண்டும். தொட்டியை ஒரு கல்லின் மேல் வைத்து, அந்தக் கல்லைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்தால் எறும்பு ஏறாது. கொசு வராமலிருக்க அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். எரு அளவாக இடுங்கள். தழைச்சத்து மிகுந்து தளதளவென்று வளரும் நுனியைத்தான் அசுவினி முதலில் தேடும்.

இவர்களைக் கொல்லாதீர்கள்

ஆரஞ்சு முதுகில் கறுப்பு வளைகோடுகள் உள்ள பொறிவண்டை உங்களுக்குத் தெரியும். அதன் புழுவைத் தெரியுமா? வண்டின் சாயலே இருக்காது. கறுப்பு உடம்பில் வெளிர் புள்ளிகளும் ஆறு கால்களும் கூம்பிய பின்பக்கமுமாக, குட்டி முதலை போல இலைமேல் ஊர்ந்து திரியும். இதைத் தீமை செய்யும் பூச்சியென்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். கூட்டுப்புழுவாக மாறுமுன் ஒரு புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

பருத்தி விவசாயிகள் சிலர் வரப்போரம் தட்டப்பயறு விதைப்பதற்குக் காரணம் இதுதான். பயறில் அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டு வந்து பெருகும், பிறகு பருத்திக்குள் போய்க் காவல் காக்கும்.

அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப்போய் வைக்கோல் நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் ஒரு மிகச் சிறிய குளவியின் புழு வளர்கிறது. முதுகில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்துவிட்டது என்று பொருள். கடும் விஷம் தெளித்தால் இந்தக் காவலர்கள் எல்லோரும் சாவார்கள். அசுவினி சில நாளில் பெருகிவிடும், பொறிவண்டு பெருகப் பல வாரம் ஆகும். அந்த இடைவெளியில் செடிக்குக் காவல் இருக்காது. பொறிவண்டுப் புழு உள்ள நுனியைக் கண்டால் அந்த நுனியில் தெளிக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

அசுவினி பிடித்த இரண்டு அவரைத் தொட்டிகளைத் தேர்ந்தெடுத்து, தள்ளித் தள்ளி வையுங்கள். ஒன்றில் ஒருமுறை மட்டும் தெளியுங்கள். மற்றதில் 1, 4, 7, 10-ஆம் நாள்களில் தெளியுங்கள். அந்த நான்கு நாள்களிலும், பிறகு 13-ஆம் நாளிலும், நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை உள்ள அசுவினிகளைப் பூதக்கண்ணாடியால் எண்ணுங்கள். தெளிக்கும் நாளில் தெளிப்பதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும். பொறிவண்டு, அதன் புழு, எறும்பு, மழை ஆகியவற்றையும் நோட்டில் குறியுங்கள். பிறகு வரைகட்டத் தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள்.

உங்கள் எண்கள் மேலே போட்ட கணக்கோடு அப்படியே பொருந்தாது. எந்த நாளில் விலகுகின்றன என்று பார்த்து, அந்த நாளின் குறிப்பில் காரணத்தைத் தேடுங்கள். தொடர்ந்து இரண்டு முறை எண்ணியும் ஓர் அசுவினிகூட இல்லையென்றால் தெளிப்பதை நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். இறக்கை முளைத்த ஒன்று வந்து இறங்கினாலும் அது ஆயிரமாகும் முன்பே உங்கள் கண்ணில் பட்டுவிடும்.