கரிய கல்லும் கிணற்றுத் தண்ணீரும்

இடம்பெயர்ந்து லுணுகலைப் பக்கம் குடியேறியோரே, கிணற்றிலிருந்து தெளிவாக அள்ளிய தண்ணீர் சற்று வைத்திருந்தால் செந்நிறமாகிறதா? அதிற் கரைந்த இரும்பு, காற்றுப்பட்டு ஒட்சியேற்றமடைந்து துருவாகிறது.

ரஷ்யாவின் ஒனேகா ஏரிப்பக்கத்தில் சுங்கைட்டு என்னும் கரிய பாறை உண்டு. வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டு. அதிலுள்ள காபன், தான் தீர்ந்துபோகாமலே சில ஒட்சியேற்றங்களை விரைவாக்கும். இத்தகைய பொருளையே ஊக்கி என்கிறோம். நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்துப் பென்சிற்கரியும் காபன்தான். ஆனால் இறுகிய படிகம், துளைகள் குறைவு.

கல் வாங்கக் காசு செலவழிக்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம். துளையிட்ட தகரத்தினூடாகத் தண்ணீரை மழைபோல விழவிட்டு மணலில் வடியுங்கள். மணலிற் படியும் துருவே இரும்புக்கு நல்ல ஊக்கி. கழுவும்போது அந்தப் பழுப்புப் பூச்சை முற்றாக உரசிவிடாதீர்கள். கிருமிகள் இதனாற் சாகா, குடிக்குமுன் கொதிக்கவையுங்கள்.