கலந்து அனுப்பினால் ஒட்டுக்கேட்க முடியுமா?

நீங்கள் அனுப்பும் இமெயில் நேராக நண்பரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுவதில்லை. சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரிந்து, பல ரவுட்டர்களைக் கடந்து போகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் வந்த பாக்கெட்டை அப்படியே அடுத்த லைனில் தள்ளிவிடும்.

அப்படியே தள்ளாமல், பாக்கெட்டுகளைக் கணக்குப் போட்டு ஒன்றாகக் கலந்து அனுப்பலாம் என்று 2000-ல் ஆல்ஸ்வீட், சாய், லி, யூங் ஆகிய நால்வர் காட்டினார்கள். இதற்கு நெட்வொர்க் கோடிங் என்று பெயர். ஒரே தகவலைப் பலருக்கு அனுப்பும்போது, அதே லைன்களில் கூடுதல் தகவலை அனுப்ப இது உதவும்.

கலந்துவிட்டதால் திருடனுக்குப் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கலவையில் உள்ள ஒரு பாக்கெட் அவனுக்கு வேறு லைனில் கிடைத்தால், கழித்துப் பார்த்து மற்றதையும் எடுத்துவிடுவான். இதற்கு 2002-ல் சாயும் யூங்கும் வழி சொன்னார்கள். தகவலோடு, குலுக்கல் முறையில் எடுத்த எண்ணையும் சேர்த்துக் கலக்க வேண்டும்.

பேப்பரில் போட்டுப் பாருங்கள். உங்கள் ரகசிய எண் 7. குலுக்கலில் வந்தது 5. கூட்டினால் 12, பத்தாம் இடத்தை விட்டுவிட்டால் 2. ஒரு லைனில் 5 போகிறது, இன்னொன்றில் 2 போகிறது. பெறுபவர் 2-உடன் 10 கூட்டி, 5-ஐக் கழித்தால் 7 வந்துவிடும். ஆனால் 2 மட்டும் கிடைத்தவனுக்கு, ரகசிய எண் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வைத்திருந்தாலும் பயனில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நடுவில் உள்ள ரவுட்டர்களும் கலந்துகொண்டே இருக்கும் அல்லவா? வழியில் எந்த ஒரு லைனிலும் 5-ம் 2-ம் சேர்ந்து மறுபடி 7 வெளிப்பட்டுவிடக் கூடாது. அப்படிக் கலக்கும் முறையை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. குலுக்கல் எண்ணும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். இதற்கு விலையும் உண்டு. மூன்று லைன்களில் ஏதோ ஒன்று ஒட்டுக்கேட்கப்படலாம் என்றால், இரண்டு லைன் அளவுக்குத்தான் தகவல் அனுப்ப முடியும்.

எல்லா லைனையும் ஒருவனே பிடித்துவிட்டால் இந்த முறை கைகொடுக்காது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பதே ஒரே லைன்தான்! அதனால் நமக்குக் கடவுச்சொல்லும் என்கிரிப்ஷனும்தான் துணை. உங்கள் வைஃபை ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் உடனே மாற்றுங்கள்; அதன் ஓட்டை 2001-லேயே தெரிந்துவிட்டது. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுங்கள். பேங்க் தளத்தில் பாஸ்வேர்டு அடிக்கும் முன், முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா, பேங்கின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.